பூஜை போட்ட படிக்கட்டு

போன வாரம் மகனுடைய காரில், கதவுக்குக் கீழே ஒரு கொப்புளம் கண்ணில் பட்டது. மிளகளவுதான். கட்டைவிரலால் அழுத்தினேன். பெயிண்ட் உடைந்து துரு உதிர்ந்தது. ஒரகடத்தில் ஒரு டிங்கர் கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கொஞ்சம் பட்டி வெச்சி டச்சப் பண்ணிட்டா தெரியாதும்மா" என்றார். பட்டி என்றால் ஓட்டையை அடைக்கிற பசை. காய்ந்தால் இரும்பு மாதிரியே இருக்கும், பார்க்கிறவர்களுக்கு. "யாருக்குங்க தெரியாது?" என்று நான் போட்ட சத்தத்தில் மகன் மெதுவாக வெளியே போய் நின்றுகொண்டான். அம்மாவின் கோபம் அவனுக்குப் பழக்கம். காரணம்தான் தெரியாது.

காரணம், அந்தக் கடையில் அடித்த பெயிண்ட் தின்னர் வாசனை. தொண்ணூற்றொன்றாம் வருஷம் நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், வண்டிகளுக்கு ஒயர் கட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். சேரப்பணஞ்சேரியிலிருந்து பெண்களை ஏற்றிப்போக, கோதண்டம் என்பவருடைய வேன். எத்தனை பேர் ஏறுவோம் என்று கேட்காதீர்கள். மடியில் உட்கார்ந்தவள் மடியிலும் ஒருத்தி இருப்பாள். மழை பெய்தால் தரை ஓட்டை வழியாகச் சேறு தெறித்துப் புடவை பாழாகும். கோதண்டத்திடம் சொன்னால், "இரும்புன்னா துரு புடிக்கத்தாம்மா செய்யும்" என்பார். பெரிய ஞானி.

ஆயுதபூஜை வந்தால் மட்டும் அந்த வேனுக்குக் கல்யாணக்களை வந்துவிடும். புது நீலம், வாழைக்கன்று, சந்தனப் பொட்டு. அந்த வருஷமும் பூஜை முடிந்த மறுநாள் தின்னர் வாசனையோடு வந்து நின்றது. "பூஜ போட்ட வண்டிம்மா, செருப்ப கயட்டிக்கினு ஏறுங்க" என்றார் கோதண்டம். பூஜைக்குப் பிறகு முதல் சவாரிக்கு அப்படி ஏறுவது எங்கள் வழக்கமும்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம். முதல் ஆள் அமலோர்பவம், என் பக்கத்து மேசைக்காரி. மாதா கோயில் பெண்தான், ஆனாலும் எல்லோரையும்போல அவளும் கழற்றினாள். தீபாவளிவரை ஒருநாள்கூட விடாமல் வந்தால் பர்மனென்ட் ஆக்குவதாக சூப்பர்வைசர் அவளிடம் சொல்லியிருந்தார். அதற்காகக் காய்ச்சலோடுகூட வந்துகொண்டிருந்தாள்.

வெறுங்காலைப் படியில் வைத்தாள். முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுக்கும்போது துருவேறிய விளிம்பு கெண்டைக்காலைக் கிழித்தது. ரத்தத்தோடு பட்டித் துண்டுகளும், கசக்கித் திணித்த பழைய பேப்பரும் கீழே விழுந்தன. அதில் ஒரு நடிகையின் பாதி முகம் சிரித்துக்கொண்டிருந்தது. துருவைச் சுரண்டவில்லை, புதுத் தகரம் வெட்டி வைக்கவில்லை. ஓட்டையில் பேப்பர், அதன்மேல் பட்டி, அதன்மேல் நீலம், எல்லாவற்றுக்கும் மேலே சந்தனம்.

"இன்னாம்மா, பாத்து கால வெக்கக் கூடாதா?" என்றார் கோதண்டம்.

அமலோர்பவம் அழவில்லை. "இன்னாத்த பாக்கறது? பேப்பர்ல படி செஞ்சி வெச்சிக்கினு, செருப்ப வேற கயட்டச் சொல்றியே" என்றாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கொண்டையூசியை உருவிக் கதவடியைச் சுரண்டினேன். நீலம் உரிந்து துரு கொட்டியது. இன்னொருத்தி சாப்பாட்டு ஸ்பூனோடு வந்தாள். பிறகு எல்லோருமே சுரண்ட ஆரம்பித்துவிட்டோம். "பூஜ போட்ட வண்டிம்மா, பூஜ போட்ட வண்டிம்மா" என்று கோதண்டம் சுற்றிச் சுற்றி வந்தார். சுரண்டி முடித்தபோது வேனின் கீழ்ப்பாதியில் இரும்பைவிடப் பட்டிதான் அதிகம் இருந்தது. அன்றைக்கு யாரும் ஏறவில்லை, வேலைக்கும் போகவில்லை.

மறுநாள் வேன் வந்தது. அதே நீலம், பளபளவென்று. ஏறினோம், செருப்போடு. வேறு வண்டி ஏது? அமலோர்பவம் வரவில்லை. புண் சீழ் வைத்துவிட்டது. சூப்பர்வைசரிடம் நியாயம் கேட்கப் போனேன். "வேன் கம்பெனியோடது இல்லம்மா. நடுவுல நாள் விட்டா சர்வீஸ் பிரேக்குதான். திரும்பி வந்தா முதல்லேர்ந்து ஆரம்பிக்கட்டும்" என்று பொரியை மென்றுகொண்டே சொன்னார். பூஜைப் பொரி. இன்றுவரை எனக்கு அது தொண்டையில் இறங்குவதில்லை.

கோதண்டத்தின் வேன் எப்போதோ காயலாங்கடைக்குப் போய்விட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். கம்பெனி இருந்த இடத்தில் இப்போது புதுக் கார்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் கார் பாடியை அப்படியே தொட்டியில் முக்கி எடுப்பார்களாம், விரல் நுழையாத மூலையிலும் துரு பிடிக்கக் கூடாதாம். மகன் பெருமையாகச் சொல்கிறான். தகரத்தின்மேல் அவ்வளவு அக்கறை. அமலோர்பவம் புண் ஆறி வந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். கம்பெனியை இழுத்து மூடிய நாள்வரை அவள் டெம்பரவரிதான்.