மெஷின் பிடிக்கும் கைகள்

கொழுந்து வெட்டும் மெஷினை ஒரே ஆள் பிடிக்க முடியாது. தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். சுகுமாரனுக்கு எதிர்ப்பக்கம் எப்போதும் அவன் அக்காள் புருஷன் வேலப்பன்தான். ஒன்பது வருடம் இருவரும் ஒரே நடை நடந்தார்கள்.

பிறகு சுகுமாரனுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. யாரோ இரண்டு பேர் ஓயாமல் அவனைக் கேலி பேசினார்கள். திரும்பிப் பார்த்தால் தேயிலைச் செடிதான் நின்றது. மனச்சிதைவு என்றார்கள் ஆஸ்பத்திரியில். முதலில் கொடுத்த மாத்திரையில் குரல் நின்றது, கை நடுங்கியது. மாற்றிக் கொடுத்ததில் நடுக்கம் போய், பசியும் தூக்கமும் வந்து உட்கார்ந்துகொண்டன. ஒரே வருடத்தில் பதினான்கு கிலோ ஏறினான். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினான். மூன்றாம் வாரமே அந்த இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

வேலப்பன் அவனை டவுனுக்கு அழைத்துப்போனான். புதிதாக வந்திருந்த மனநல டாக்டர் பவளம் திட்டப்போகிறார் என்று சுகுமாரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாத்திரைய ஏன் விட்டீங்க?"

"அத போட்டா வேல செய்ய முடியல டாக்டர்."

"என்ன வேல? செஞ்சி காட்டுங்களேன்."

இருவரும் விழித்தார்கள். பிறகு அங்கிருந்த நீள பெஞ்சை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடந்தார்கள்.

"மெதுவா போ லா மச்சான், டாக்டர் மேசய வெட்டிறாத!" என்றான் வேலப்பன்.

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் கண் மட்டும் சுகுமாரனின் விரல்களையும் கால்களையும் விட்டு நகரவில்லை.

"வீட்ல யாருக்காச்சும் சீனி வியாதி இருக்கா?"

"அம்மாவுக்கு இருக்கு. அக்காவுக்கும்."

"குரல அடக்குறதுல இந்த மருந்துங்க பலதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒடம்புல பண்ற சேட்டதான் வேற வேற. நடுக்கமும் வேணாம், தூக்கமும் வேணாம், எடையும் ஏறக் கூடாது. அப்படி ஒண்ணு பாப்போம். சில பேருக்கு இதுல காலு ஒரு எடத்துல நிக்காது. அப்படி ஆனா நீங்களா நிறுத்தாம எனக்குப் போன் பண்ணணும். தெனமும் மறக்காம போடுவீங்களா?"

"மறந்துருவேன் டாக்டர்," என்றான் உண்மையாக.

"அப்ப மொதல்ல மாத்திரையில பாக்கலாம். ஒடம்பு ஒத்துக்கிட்டா அதையே மாசம் ஒரு ஊசியா போட்டுறலாம். சம்மதமா?"

மருந்துக்குத் தன் சம்மதத்தைக் கேட்பார்கள் என்று அவன் நினைத்ததே இல்லை. வேகமாகத் தலையாட்டினான்.

சொன்னபடியே கால் நிற்கவில்லை. ஒரு சாயங்காலம் லயத்து வீட்டு வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாற்பது தடவை நடந்தான். ஆனால் மாத்திரையை விடவில்லை, போன் செய்தான். டாக்டர் அளவைக் குறைத்ததும் கால் அடங்கியது. மூன்றாம் மாதம் ஊசிக்கு மாறினான், மெஷினையும் மறுபடி பிடித்தான்.

போன வாரம் ஊசி போடப் போனபோது டாக்டர் கேட்டார், "குரல் கேக்குதா?"

"எப்பவாச்சும். பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. நின்னு கேக்க நேரமில்ல டாக்டர், மலையில வெட்ட வேண்டிய கொழுந்து நெறைய கெடக்கு."

"எட கொறஞ்சதுலருந்து இவன் மேட்டுல ஓடுறான்," என்று வேலப்பன் பெருமூச்சு விட்டான். "எனக்கு ஏதாச்சும் மருந்து இருக்கா டாக்டர்?"