இளைஞர் கூட்டத்துக்கு வந்த அப்பாக்கள்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ராமநாதபுரத்தில் இளைஞர் கூட்டம். நான் ஒன்பது நாற்பதுக்கே போய் நாற்காலிகளை எண்ணிவிட்டேன். பத்து இருபத்தைந்துக்கு மண்டபத்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பதினொரு பேர் நாற்பதைத் தாண்டியவர்கள்.

எல்லோரும் அப்பாக்கள்.

பையன் எங்கே என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பதில்களை வரிசையாக எழுதியும் வைத்திருக்கிறேன். வெயில் அதிகம். பஸ்ஸில் இடிபடுவான். நேற்றுதான் கணுக்கால் வீக்கம் வடிந்தது. தூங்குகிறான், எழுப்ப மனசு வரவில்லை... அபிராமத்திலிருந்து வந்திருந்த விவசாயி ஒருவர், வருகைப் பதிவில் கையெழுத்துப் போடப் பேனாவை என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார்.

"அவன் வந்தா என்ன, நான் வந்தா என்ன சார்? கையெழுத்துத்தானே... நானே போட்டுர்றேன்."

போட்டார். மகன் பெயரில்!

எப்படி இருக்கிறது?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் இடது முட்டியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக நான்கு வரி. எனக்கு ஹீமோஃபிலியா. ரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதம் ஒன்று பிறவியிலேயே குறைவு. வெளியே காயம் எதுவும் இல்லாமலே மூட்டுக்குள் ரத்தம் கசியும், வீங்கும், வலி உயிரை எடுக்கும். அந்தப் புரதத்தை மருந்தாக நரம்பில் ஏற்றினால் நிற்கும். அதை நாங்கள் 'ஃபாக்டர்' என்போம். நான் பையனாக இருந்தபோது இந்தப் பக்கம் அதை யாரும் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆகவே என் முட்டி மடங்காது. இப்போது அரசு ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிறார்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, நோயாளியே தனக்குப் போட்டுக்கொள்ளக்கூடப் பயிற்சி உண்டு.

எங்கள் மாவட்டத்து நோயாளிகளுக்கு ஒரு சிறு சங்கம் இருக்கிறது. அடியேன் செயலாளர். பதிவேடு, மினிட் புத்தகம், கூட்ட அறிவிப்பு எல்லாம் என் தலையில். சென்ற மாதம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. உடனடியாக இளைஞர் அணி அமைக்கவும், நிர்வாகிகள் பட்டியலை மாத இறுதிக்குள் அனுப்பவும் — போட்டோவுடன்.

சரி என்று பதிவேட்டைப் புரட்டி, பதினாறு முதல் இருபத்தைந்து வயதுக்குள் இருந்த பதினான்கு பேரைத் தேர்ந்து, வாட்ஸ்ஆப்பில் 'இளைஞர் அணி' என்று ஒரு குழு தொடங்கினேன். மறுநாள் காலையிலிருந்து அதில் ரோஜாப்பூ வரத் தொடங்கியது. கூடவே 'இனிய காலை வணக்கம்'. இருமலுக்கு ஆடாதோடை. பிரதோஷ நேரம். ஒருவர் மூட்டுத் தேய்மானத்துக்கு எண்ணெய் விளம்பரம் அனுப்பினார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளா இப்படி? நாலாவது நாள்தான் எனக்கு உறைத்தது. பதிவேட்டில் இருந்த எண்கள் எல்லாமே அப்பாக்களுடையவை. குழந்தைக்கு முதல் ஊசி போட வந்த அன்று எழுதிக்கொண்ட எண்கள். அந்தக் குழந்தைகளுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. எழுத்துப் பிழைகூட விடாத என் பதிவேட்டில் அது மட்டும் பதிவாகவில்லை.

தப்பு என்னுடையதுதான். அதை ஒப்புக்கொண்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமை வந்த எரிச்சல் குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் தொடங்கியது. எங்கள் தலைவர் வழக்கம்போல ஐரோப்பிய அரச குடும்பங்களிலிருந்து ஆரம்பித்தார். ராஜாக்களையே ஆட்டிப் படைத்த நோய், ஆகவே நாம் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்பது அதன் சாரம். அந்த வரலாற்றை நானும் நிறையப் படித்திருக்கிறேன். அவர் விட்ட இரண்டு இடங்களை நான் எழுந்து திருத்தினேன். இருபத்தைந்து நிமிடம் போனது.

அடுத்து நிர்வாகிகள் தேர்வு. அப்போதுதான் மண்டபத்துக்கு உயிர் வந்தது. தலைவர், துணைத்தலைவர், செயலாளர், இணைச்செயலாளர் என்று வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அப்பாக்கள் பதவி கேட்டார்கள். "எங்க வீட்டுப் பயலுக்கும் ஒண்ணு போட்டு வைங்க" என்றார் அபிராமத்துக்காரர், ஏதோ பந்தியில் வடை கேட்பதுபோல.

இந்த ஆரவாரத்தில் சேராமல் ஓரமாக உட்கார்ந்திருந்தவர் சூசை. தங்கச்சிமடத்துக்காரர். விசைப்படகில் தொழில். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில் நிற்க, காலைப் பூசை முடித்து நேராக வந்திருந்தார். அவர் மகன் ஜெனிட்டனுக்குப் பதினெட்டு வயது. நாகர்கோவில் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். புதன்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும். (பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஜெனிட்டனிடம் கேட்டுவிட்டேன்.)

சேர்த்தாகிவிட்டதா என்று சூசையிடம் கேட்டேன்.

"ஹாஸ்டல் பேச்சே வேணாம் சார். ஊசியைக் கண்டாலே அவனுக்குக் கை நடுங்கும். அங்கன யாரு போட்டு விடுவா? கிடக்கட்டும் வீட்டோட."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. காரணம் எனக்குத் தெரியும். இந்த நோய் தாய்வழியில் வருவது. சூசையின் மனைவிக்கு ஒரு தம்பி இருந்தான். வேலை தேடி வெளியூர் போனவன் லாட்ஜ் குளியலறையில் வழுக்கி விழுந்தான். தலைக்குள் ரத்தக்கசிவு. காலையில்தான் கதவைத் திறந்தார்களாம். அவனுக்கு அப்போது வயது பத்தொன்பது. போய் உடலை வாங்கி வந்தவர் சூசை. வீட்டோடு கிடக்கட்டும் என்று அவர் சொல்வதை வெறும் பிடிவாதம் என்று எப்படித் தள்ளுவது?

ஆனால் அந்தத் தம்பியின் காலத்தில் வீட்டில் ஃபாக்டர் கிடையாது, அவன் மருமகன் ஜெனிட்டன் காலத்தில் இருக்கிறது. இதையும் அவரிடம் பல தடவை சொல்லியாயிற்று.

ஒரே இடத்தில் அரைமணி உட்கார்ந்தால் என் முட்டி கட்டையாகிவிடும். எழுந்து மண்டபத்தின் பின்பக்கம் நடந்தேன். அங்கே சாப்பாட்டுக்குப் பின் கை கழுவுகிற நீளமான தொட்டி, வரிசையாகக் குழாய்கள். கூட்டத்துக்கு வந்த ஒரே நிஜ இளைஞனான கீழக்கரை சாதிக் அங்கே நின்றுகொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது, மொபைல் கடையில் வேலை. எப்போது எழுந்து போனான் என்று நான் கவனிக்கவில்லை. ஒரு குழாயில் போனைச் சாய்த்து வைத்துக் குனிந்து பேசிக்கொண்டிருந்தான்.

திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். எண்ணினேன். பத்து. அதில் ஒன்பது, உள்ளே பதவிக்கு அடித்துக்கொண்டிருந்தவர்களின் பிள்ளைகள். நேற்றுக் கணுக்கால் வீக்கம் வடிந்தவன் இருந்தான். தூங்குகிறவன் தலை சீவிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தான். பத்தாவது, எங்கள் பட்டியலிலேயே இல்லாத ஒரு பெண்.

"என்னப்பா இது?"

"கூட்டம் சார்."

"உள்ளே நடக்குதே, அது?"

"அது அவுக கூட்டம் சார். சீக்கிரம் முடிச்சிராதீக... அது முடிஞ்சா இதும் முடிஞ்சிரும்."

பிறகு விளக்கினான். தாங்களே ஊசி போட இந்தப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்துவிட்டார்கள். ரப்பர் கையில் எல்லாரும் சரியாகக் குத்துகிறார்கள். சொந்தக் கையில் குத்தத்தான் வீட்டில் விடுவதில்லை. ஊசியை எடுத்தாலே, நீ இரு நான் போடுறேன் என்று பிடுங்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் பக்கத்தில் நின்று படபடக்கிறார்கள். அப்பாக்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இல்லாத ஒரு நாள் வேண்டும். அப்படி ஒரு நாள் எங்கே கிடைக்கும்?

நான் அறிவித்தேன். ஞாயிறு, காலை பத்து மணி. கசிவு வராமலிருக்கக் குறிப்பிட்ட நாட்களில் போட வேண்டிய ஊசியை அவர்களும் அந்த நாளுக்கே பொருத்திக்கொண்டார்கள்.

யார் எந்தச் சாக்கைச் சொல்வது என்றுகூட முன்கூட்டியே பிரித்துக்கொண்டார்களாம். இரண்டு பேர் ஒரே காரணத்தைச் சொல்லிவிடக் கூடாதே! சாதிக் மட்டும் நேரில் வந்தது, அப்பாக்களில் யாராவது பாதியில் கிளம்பினால் தகவல் சொல்ல. எங்கள் சங்கத்தில் இவ்வளவு ஒழுங்காகத் திட்டமிடப்பட்ட நிகழ்ச்சியை நான் பார்த்ததில்லை. செயலாளரைத்தான் கேட்கவில்லை.

"உனக்கு யாருப்பா சொல்லிக் கொடுத்தது?"

"வாப்பா துபாய்ல இருக்காக. உம்மாக்கு ரத்தத்தைக் கண்டா மயக்கம். வேற யாரு சார் போடுவா? நாந்தான்."

அந்தப் பெண் யார் என்று கேட்டேன். அதை மட்டும் கேட்காதீர்கள் என்றான். அபூர்வமாகப் பெண்களுக்கும் இந்த நோய் உண்டு; பொண்ணு பார்க்க வரப்போகிற வீடு, வெளியே தெரியக் கூடாது என்று நான் புரிந்துகொண்டேன்.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம். சூசை. டீ எப்போது வரும் என்று கேட்க வந்தவர், திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

ஒரு கட்டத்தில் ஜெனிட்டன். இடது கையில் ரப்பர் பட்டை கட்டியிருந்தான். வலது கையில் பட்டர்ஃப்ளை ஊசி, அதாவது இரண்டு பக்கமும் சின்ன இறக்கைபோல் பிடி உள்ள, மெல்லிய குழாய் கோர்த்த ஊசி. ஊசி நரம்பில் சரியாக இறங்கினால் குழாயில் ரத்தம் தெரியும்.

சூசை வாயைத் திறந்தார். படகுக்குப் படகு கேட்கிற குரல் அது. சாதிக் திரும்பாமலே கையை உயர்த்தினான்.

"பேசாதீக மாமா. பேசினா அவனுக்குக் கை ஆடிரும்."

சூசை தோள் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

ஜெனிட்டன் குத்தினான். குழாயில் ஒன்றும் வரவில்லை. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினான். நெற்றியெல்லாம் வியர்வை. சாதிக் அவசரமே இல்லாமல், அது நரம்பு நழுவினதுதான், எனக்கும் நழுவும், புது ஊசி எடு, அடுத்த கையைப் பாரு என்றான். உள்ளே மண்டபத்தில் துணைத்தலைவர் பதவி ஒன்றா இரண்டா என்று சத்தம்.

இரண்டாவது தடவை. இந்த முறை பட்டையைக் கட்டிவிட இன்னொரு கை திரைக்குள் வந்தது. இரண்டு வளையல் போட்ட கை. கட்டிவிட்டு, பஞ்சைப் பிடித்தபடி ஓரத்திலேயே காத்திருந்தது.

"என் வீட்டுக்காரி" என்றார் சூசை, துண்டுக்குள்ளிருந்து.

குழாயில் சிவப்பாக ஒரு கோடு ஏறியது.

"வந்திருச்சு. பட்டையை அவுத்துரு. மெதுவா ஏத்து... மெதுவா" என்றான் சாதிக்.

மருந்து முழுவதும் இறங்க நாலைந்து நிமிடம் ஆனது. அதுவரை சூசை துண்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. தன் தம்பியை லாட்ஜ் அறையில் பறிகொடுத்த பெண், புருஷனைக் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டு மகனுக்குப் பஞ்சு பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவர் என்ன நினைத்தாரோ. மகன் கண்ணில் படாமல், வந்த வழியே திரும்பி நடந்தார்.

நானும் உள்ளே போனேன். இணைச்செயலாளர் பதவிக்கு ஜெனிட்டன் பெயரை யாரோ முன்மொழிந்திருந்தார்கள். ஆட்சேபணை உண்டா என்றார் தலைவர். சூசை எழுந்தார்.

"அதை அவன்ட்டல்ல கேக்கணும்."

அபிராமத்துக்காரர் சிரித்தார். "சின்னப் பய, அவன் என்ன சொல்லப் போறான்?"

"தெரியலை. அதான் கேக்கணும்ங்கேன்."

ஒரு அப்பா மெதுவாகத் தன் மகன் பெயரையும் நிறுத்தி வைக்கச் சொன்னார். இன்னொருவர் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார், பிஸியாக இருப்பதாக வந்தது. ஏன் பிஸி என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. கடைசியில் ஒரு பதவிகூட நிரம்பவில்லை. மேலிடத்துக்கு நான் என்ன பட்டியல் அனுப்புவது? எந்தப் போட்டோவை அனுப்புவது?

எரிச்சலாகத்தான் இருக்கிறது. இளைஞர்கள் முன்வருவதில்லை என்று நான் இந்தப் பத்தியிலேயே புலம்பியிருக்கிறேன். எங்கே முன்வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன்? நாங்கள் போட்ட நாற்காலிக்கு, எங்கள் தலைவர் உரைக்கு, எங்கள் சுற்றறிக்கைக்கு. நிலாவைக் கேட்கவில்லை அந்தப் பிள்ளைகள். நாங்கள் இல்லாத ஒரு மணி நேரத்தைக் கேட்டார்கள். அதையும் எங்களிடம் கேட்க முடியாமல் ஏமாற்றி எடுத்துக்கொண்டார்கள்.

போகும்போது சாதிக்கிடம், உங்கள் குழுவில் என்னையும் சேர்த்துவிடேன் என்றேன். செயலாளர் என்ற முறையில்.

"வேணாம் சார். நீங்க ராஜா கதை சொல்லுவீக."

சரி, பதிவேட்டுக்காக அவர்களுடைய எண்களையாவது கொடு என்றேன். ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுத் தருவதாகச் சொன்னான். இதை எழுதும்வரை ஆறு எண் வந்திருக்கிறது.

பஸ் நிலையம் வரை சூசை என்னோடு நடந்தார். என் நடைக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்துக்கொண்டார். வழியெல்லாம் தடைக்காலம் முடிய எத்தனை நாள் இருக்கிறது, எஞ்சினில் என்ன கோளாறு என்று பேசினாரே தவிர, வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. ராமேஸ்வரம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"சார்... அந்த ஹாஸ்டல்ல ஃப்ரிட்ஜ் இருக்குமா?"

இருக்கிறது. வார்டன் அறையில். திங்கட்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கே போன் செய்து விசாரித்துவிட்டேன்.