துண்டின் மறைவில் உயர்ந்த கல்லூரி

எங்கள் கல்லூரி பெரும்பெயர் பெற்றதற்கு அங்கு நிகழ்ந்த கற்பித்தலே காரணம் என்று அண்மைக்காலமாக மேடைகளில் பேசி வருகின்றனர். அங்குத் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் இக்கூற்றை மறுத்து எழுதிவைப்பது என் கடமையாகிறது. பழைய மாணவர் மனம் நோவரே என்று இதுகாறும் வாளாவிருந்தேன். அவர்களே இன்று பாட்டன்மாராகிவிட்டமையால் இனித் தாங்கிக்கொள்வர்.

அறுபதுகளின் இடைப்பகுதியில், செஞ்சியில் திண்டிவனம் சாலையோரம், எங்கள் பக்கம் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையின் கிடங்கு ஒன்றைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து அக்கலைக்கல்லூரியைத் தொடங்கினர். நிறுவனர் ஓர் அரிசி ஆலைக்காரர். புகுமுக வகுப்பு நிரம்பாவிடில் முதல்வரை ஊருக்கு அனுப்பிவிட்டு மீண்டும் மூட்டை அடுக்குவதாக வெளிப்படையாகவே கூறியிருந்தார். முதல்வரோ தஞ்சைப் பக்கத்தவர், நேர்மையாளர். எளிய வீட்டுப் பிள்ளைகளும் பயிலவேண்டும் என்று கட்டணத்தை மிகக் குறைத்து, அதனைப் பலகையில் பெரிதாக எழுதி வாயிலில் தொங்கவிட்டார். ஒருவரும் வரவில்லை.

இறுதியில் கடைத்தெரு மண்டிக்காரர் ஒருவர் மகனோடு வந்தார். பலகையைக் கண்டதும் முகம் சுளித்தார்.

“இன்னா சார் இது, வெலைய எழுதித் தொங்கவுட்டிருக்கீங்க? இம்மாங் கம்மின்னா உள்ள சரக்கு இல்லன்னுதான ஊர்ல பேசுவாங்க?”

“கல்வி சரக்கு இல்லீங்களே,” என்றார் முதல்வர்.

“அது உங்களுக்கு. எம்புள்ளைக்கு நாளைக்கிப் பொண்ணு பாக்கணும் சார். மலிவுக் காலேஜில படிச்சவன்னு தெரிஞ்சா எவன் குடுப்பான்?”

இவ்வாறு கூறியவர் தம் தோளிலிருந்த துண்டை எடுத்து முதல்வரின் வலக்கைமேல் போர்த்தி, அதனுள் தம் கையையும் நுழைத்தார். முதல்வர் அஞ்சி என்னைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்துச் சந்தைகளில் மாட்டுக்கும் மல்லாட்டைக்கும் விலை பேசும் முறை அதுவே. விரல்களைப் பற்றியும் விட்டும் தொகையை உணர்த்துவர். சூழ நிற்போர் அறியார். இதனை அவருக்கு விளக்கினேன். விரைந்து கற்றுக்கொண்டார்.

அன்றே பலகை இறங்கியது. பின்னர் வந்த தந்தையர் ஒவ்வொருவரிடமும் முதல்வர் துண்டுக்குள் உயர்ந்த தொகையில் தொடங்கி, நெடுநேரம் முரண்டு பிடித்து, முன்பு எழுதிய தொகைக்கே இறங்கிவந்தார். அதற்குமேல் ஒரு காசும் கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தாம் மட்டுமே வென்றதாக மகிழ்ந்தனர். வெளியிலோ, பிள்ளையின் மதிப்புக் கருதி, இருமடங்கு கட்டியதாகச் சொல்லிக்கொண்டனர். அதனைக் கேட்டு மருண்டு வாயிலில் நின்ற கழனிக் கூலியாட்களை நானே உள்ளே அழைத்துச் சென்றேன். அவலூர்பேட்டையிலிருந்தும் மேல்சித்தாமூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தனர்.

“அவ்ளோ துட்டு வாங்குறான்னா சும்மாவா வாங்குவான்?” என்பதே எங்களுக்குக் கிடைத்த முதல் நற்சான்று. அப்போது நான் ஒரு பாடமும் நடத்தத் தொடங்கியிருக்கவில்லை.

அப்பேச்சு நிறுவனர் செவிக்கும் எட்டியது. சினத்தோடு வந்தார்.

“வாத்தியாரே, பாதித் துட்டு இங்க இருக்குது. மீதி எங்க போச்சு?”

முதல்வர் பற்றுச்சீட்டுகளை எடுத்துக் காட்டினார்.

“சீட்டுல எதை வேணா எழுதலாம். ஞாயித்துக்கெழம எல்லாரையும் கூப்புட்டுக் கேக்குறேன். தப்புன்னா அன்னிக்கே பஸ் ஏறிடணும்.”

தந்தையர் அனைவரும் கூடினர். மண்டிக்காரரின் அருகில், அவர் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த மளிகைக்கடைக்காரரும் அமர்ந்திருந்தார். பின்னர் வேறென்ன நிகழும்? “எவ்ளோ கட்டின?” என்று நிறுவனர் கேட்டதும், மண்டிக்காரர் நெஞ்சை நிமிர்த்தி இருமடங்குத் தொகையைச் சொன்னார். மளிகைக்காரர் தம் மகனுக்கு அதைவிடச் சற்றுக் கூட்டிச் சொன்னார். மற்றவரும் தலையசைத்தனர். முதல்வரின் முகம் வெளிறிற்று.

அவர் எழுந்தார். சில திங்களாக அவரும் மேற்சட்டைமீது ஒரு துண்டு அணியத் தொடங்கியிருந்தார். அதனை எடுத்து நிறுவனரின் கைமேல் போர்த்தினார்.

“வாயால கேக்காதீங்க. விரலால கேளுங்க.”

கூட்டத்தில் ஒரு நெளிவு பரவியது. வாயால் சொல்வது ஊருக்கு. விரலால் சொல்வது வணிகம். அதில் பொய் புகுத்தியவனுக்குச் சந்தையில் எவரும் மறுமுறை கைகொடார். ஒவ்வொருவராக வந்து துண்டுக்குள் கைவிட்டனர். நான்காமவர் கையை எடுத்தபோதே நிறுவனரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. கடைசி ஆள் நகர்ந்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

“எல்லாரும் ஒரே வெலதான்யா! சரி, நீங்க சொன்ன வாக்கு பொய்யாவக் கூடாது. வர்ற வருசத்துலேர்ந்து நீங்க வாயால சொன்னதுதான் பீசு.”

மறுத்துப் பேச எவருக்கு வாயிருந்தது? மளிகைக்காரர் மட்டும் ஈனக்குரலில், “நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்,” என்றார். முதல்வர் உடனே குறுக்கிட்டு, கூலியாட்களின் பிள்ளைகளுக்குப் பழைய தொகையே தொடரவேண்டும் என்று உறுதி கேட்டார். நிறுவனர் அதனையும் விரலாலேயே கொடுத்தார்.

துண்டுக்கு வெளியே நிகழ்ந்ததை மட்டுமே நான் கண்ணால் கண்டேன். உள்ளே நிகழ்ந்தது முதல்வர் பின்னர்ச் சொல்லக் கேட்டது. அத்தந்தையரின் மக்களுள் எவரேனும் வேறுவிதமாகக் கேள்வியுற்றிருப்பின், அன்புகூர்ந்து எழுதி என் பிழையைத் திருத்துக.