கூடைக்குள் நின்ற ஆட்டம்

கரப்பான்பூச்சிக்கென்று இன்று வாங்கிய போரிக் பவுடரைப் பிரித்ததும், துறையடி வாசிகசாலையில் வருடப்பிறப்புதோறும் நடந்த கரம்போர்ட் போட்டியின் வாசனை வந்தது. வாவிக் காற்றில் ஈரம் கோத்த போர்டில் பவுடரைத் தூவித் தூவி, அப்பாவும் அக்கரை மண்டூரிலிருந்து வரும் தையல்கார மாமாவும் போன வருட மிச்சத்தை முடித்து, புதிய ஆட்டத்தில் பாதியை எட்டுவதற்குள் அக்கரைக்கான கடைசிப் பாதைப் படகு புறப்பட்டுவிடும்.

"காயில ஒருத்தரும் கை வைக்கப்படாது, வாற வருசம் வாறன்," என்று மாமா எழும்புவார். காய்களின் மேல் அப்பா மீன்கூடையைக் கவிழ்ப்பார். பேப்பர் படிக்க வருபவர்கள் வருடம் முழுக்க அதைச் சுற்றி நடப்பார்கள்.

ஒரு மாரி வெள்ளம் வாசிகசாலையைக் கொண்டுபோனது. மாமாவின் செத்தவீட்டில், கடைசியாக யார் வென்றது என்று யாரோ கேட்டார்கள்.

"முடியல்லியே," என்றார் அப்பா. "இப்ப அவர்ர அடிதான்."