வாப்பாவிடம் மாப்புக் கேட்க வந்தவர்கள்

எங்கள் மாம்புரிப் பக்கம் டொக்டர் என்றால் எந்த வருத்தத்துக்கும் "பயப்படாதீங்க, சுகமாகும்" என்று சொல்லித்தான் அனுப்புவார். அப்படிச் சொல்லாவிட்டால் கதை முடிந்தது என்று நாங்களே விளங்கிக்கொள்வோம்.

வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. கொழும்பில் தொடையால் குழாய் விட்டு, மூளை இரத்த நாளத்தை அடைத்திருந்த இரத்தக் கட்டியை எடுத்தார்கள். "வாப்பா திரும்பக் கதைப்பாரா?" என்று டொக்டரிடம் கேட்டேன். அடைப்புத் திறந்துவிட்டது, எவ்வளவு தேறுவார் என்று இப்போதே சொல்ல முடியாது, சில மாதங்கள் போனால்தான் தெரியும் என்றார். பாவம், உள்ளதைத்தான் சொன்னார். "சுகமாகும்" என்று அவர் சொல்லவில்லையே, கதை முடிந்தது என்று நான் விளங்கிக்கொண்டேன்.

வாப்பாவைப் பேச்சில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சொந்தக்காரர் எல்லோருக்கும் நானே கோல் எடுத்து வரச் சொன்னேன். மௌத்தாகப் போகிறவரிடம் உயிர் இருக்கும்போதே மாப்புக் கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். வந்தவர்களை ஒவ்வொருவராகக் கட்டிலடிக்கு விட்டேன். "காக்கா, நான் ஏதும் பிழையாக் கதைச்சிருந்தா மாப்புச் செய்ங்க" என்று வாப்பாவை அண்ணனாக நினைக்கும் பக்கத்து வீட்டு மாமி அழுதார்.

"இவருக்கு விளங்குதா மகள்?"

"ஒண்டும் விளங்காது மாமி. கண்ணீர் சும்மா வருது" என்று துவாயால் அழுத்தித் துடைத்துவிட்டேன். அத்தோடு விட்டேனா? அந்தக் கட்டிலின் தலைமாட்டிலேயே நின்று, "உம்மாட கபுறுக்குப் பக்கத்துல அடக்க இடம் இருக்கா எண்டு பள்ளிவாசல்ல கேட்டு வை" என்று தம்பியிடம் சொன்னேன். அட, என்ன வாயோ எனக்கு!

வாப்பா மௌத்தாகவில்லை. வலது கை மெல்ல அசைந்தது. பிறகு "தண்ணி" என்றார். ஒரு நாள் காலை கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது, இழுத்து இழுத்துச் சொன்னார்:

"எல்லாரும்... மாப்புக் கேட்டாங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்! தம்பி, ஓடி வா, வாப்பா முழுசாக் கதைக்கிறார்!" என்று கத்தினேன். நான் கத்தி முடியும்வரை அவர் பொறுத்திருந்தார்.

"நீ... கேக்கல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். ஊரையே கூப்பிட்டு அந்தக் கட்டிலடியில் நிறுத்திய எனக்கு, நானும் அங்கே நிற்க வேண்டியவள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.