காற்றெடுத்த காலை

என் தந்தையாருக்கும் பெரியப்பாவுக்கும் இடையே ஓராண்டுக் காலம் நான்தான் அஞ்சல்துறை.

தாம்பரத்தில் ஒரே வீட்டின் இரு பாதிகளில் வாழ்ந்த அவ்விருவரும், என் அத்தையின் திருமணத்திற்குப் பின் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டனர். அவர்களுக்கு ஒரே தங்கையான அத்தை, அனகாபுத்தூரில் தறி நெய்யும் குடும்பத்துப் பிள்ளையைத் தாமே விரும்பித் தேர்ந்திருந்தார். குன்றத்தூர் மலைக்கோயிலில் நடந்த அத்திருமணத்திற்குத் தந்தையார் சென்றார், பெரியப்பா செல்லவில்லை. சென்றவரைச் செல்லாதவர் மன்னிக்கவில்லை. செல்லாதவரைச் சென்றவரும் மன்னிக்கவில்லை. ஆனால் வாசல் ஒன்று, கிணற்று மோட்டார் ஒன்று, கார் ஒன்று. இவற்றைப் பேசாமல் பங்கிட்டுக்கொள்ள ஒரு வாய் தேவைப்பட்டது. மூன்றாம் வகுப்பு மாணவியாகிய என் வாய் அதற்குப் போதுமானதாயிருந்தது.

அப்பணியில் எனக்கென ஒரு முறையும் இருந்தது. “உங்கப்பனுக்கு அறிவு கீதா? மோட்டாரைப் போட்டுட்டு ஆபீஸ் போயிட்டான்னு சொல்லு” என்று பெரியப்பா சீறினால், “அப்பா, மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டீர்களாம்” என்று நான் கொண்டு சேர்ப்பேன். பள்ளியில் இனியவை கூறல் கற்பித்திருந்தனர். கற்றதை வீட்டில் செலவழிக்க எனக்கு நாள்தோறும் வாய்ப்புக் கிடைத்தது.

அந்த ஐப்பசியில் அத்தைக்குக் குரோம்பேட்டை மருத்துவமனை ஒன்றில் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளுக்கு முந்தைய இரவு பெருமழை. அனகாபுத்தூரில் ஆற்றோரத்துச் சந்துகளில் முழங்கால் அளவு தண்ணீர். நூலையும் தறியில் ஏற்றும் பாவு நூலையும் பரணில் ஏற்றுவதற்காக அத்தையின் கணவர் அங்கே ஓடியிருந்தார். பச்சைக் குழந்தையை அவ்வீட்டிற்குக் கொண்டுசெல்ல வழியில்லை. எங்கள் வீட்டிற்குத்தான் அழைத்துவர வேண்டும். ஆனால் அத்தை என் தாயாரிடம் உறுதியாகச் சொல்லிவிட்டிருந்தார்: “பெரியண்ணன் கூப்புடாம நான் அந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன், அண்ணி.” பெரியப்பாவோ ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதலில் போய் நிற்போம், பிறகு கெஞ்சிக்கொள்ளலாம் என்று தந்தையார் காரை எடுத்தார்.

கார் நகரவில்லை. கிளட்ச் பெடலை மிதித்தால் அது தரைவரை சென்று அங்கேயே படுத்துக்கொண்டது. கலைச்சொல் ஆக்குவோர் கிளட்சை விடுபற்றி என்பர். பற்றவும் விடவும் வேண்டிய அக்கருவி அன்று பற்றியதை விட மறுத்தது. தந்தையார் பிடிவாதமாகக் கியரைத் தள்ள, உள்ளே பற்சக்கரங்கள் கூச்சலிட்டன.

அக்கூச்சல் பெரியப்பாவை வெளியே இழுத்து வந்தது. நெல் வயல்கள் மனைகளாவதற்கு முன் டிராக்டர் ஓட்டியவர்; தங்கையின் கண்ணீரைத் தாங்கினாலும் கியரின் அலறலைத் தாங்கமாட்டார்.

“கண்ணு, உங்கப்பன் கிட்ட சொல்லு. பல்லெல்லாம் தேயுது. கிளட்ச்ல காத்து பூந்துகினு கீது. நான் காருக்கோசரம்தான் வரேன், வேற எதுக்கும் இல்லன்னு அதையும் சொல்லு.”

சொன்னேன். இரண்டாம் பகுதியை மட்டும் விட்டுவிட்டேன்.

பெடலிலிருந்து கியர்ப்பெட்டி வரை ஒரு மெல்லிய குழாயில் எண்ணெய் நிற்கிறது. மிதித்தால் எண்ணெய் தள்ளும், கிளட்ச் விலகும். இடையில் காற்றுக் குமிழ் புகுந்தால், மிதிப்பவர் வலிமை முழுவதையும் அக்குமிழே வாங்கிக்கொள்ளும். அதனை வெளியேற்ற இருவர் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் அடியில் படுத்து ஒரு சிறு திருகைத் திறப்பார். காற்றும் எண்ணெயும் வெளியே வரும். திருகை மூடிய பிறகே மேலிருப்பவர் காலை எடுக்கவேண்டும். முந்தி எடுத்தால், போன காற்று திரும்பி உள்ளே ஏறிவிடும்.

பெரியப்பா சாக்கை விரித்துக் காருக்கடியில் புகுந்தார். தந்தையார் இருக்கையில் அமர்ந்தார். என் தாயார் முன்மூடியைத் திறந்துவைத்து, அக்குழாய்க்கு எண்ணெய் தரும் கிண்ணம் வற்றாமல் தகரக்குப்பியிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். நான் திறந்த கதவருகே, இரு அரசுகளுக்கிடையே தூதர் நிற்கும் தோரணையில் நின்றேன்.

“அமுக்கச் சொல்லு.”

“அப்பா, அழுத்த வேண்டுமாம்.”

அழுத்தினார். அடியில் திருகு திறந்தது. மிதித்து மிதித்துச் சற்றே இறுகியிருந்த பெடல் திடீரெனத் தரைக்கு இறங்கவே, தந்தையார் திடுக்கிட்டுக் காலை எடுத்துவிட்டார்.

“காலை எடுக்காதன்னு சொல்லு அந்த மரமண்டை கிட்ட!”

மரமண்டை என்பதற்கு ஈடான இன்சொல்லை நான் தேடினேன். தேடி முடித்து, “அப்பா, தங்கள் காலைச் சற்று அப்படியே வைத்திருக்க வேண்டுமாம்” என்று சொல்வதற்குள் காற்று உள்ளே போய்க் குடியேறிவிட்டது.

மறுமுறையும் அவ்வாறே. தந்தையாரின் காது கேளாமலில்லை. பெரியப்பாவின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. ஆயினும் என் வழியாக வராத சொல்லைத் தமக்குரியதாகக் கொள்ள அவர் ஒருப்படவில்லை. “நான் என்ன பண்ணணும்னு ஒழுங்கா சொல்லச் சொல்லும்மா” என்றார். “அவனுக்குக் காலு கீதா, கட்டை கீதான்னு கேளு” என்றது காரின் அடிவயிறு. கால் நலமாக உள்ளதா என்று பெரியப்பா வினவுவதாக நான் தெரிவித்தேன். தந்தையார் குழம்பிப்போய்த் தம் காலைக் குனிந்து பார்த்தார். அதற்குள் அது பெடலை விட்டிருந்தது.

என் தாயார் தகரக்குப்பியை ஆட்டிப் பார்த்தார். அடியில் சிறிதளவே ஒலித்தது. இரவு பெய்த மழையால் கடைகள் திறக்கவில்லை.

“எண்ணெய் அவ்வளவுதான்” என்றார் தந்தையாரிடம், ஆனால் இருவருக்கும் கேட்கும்படி. “இது தீர்ந்துச்சுன்னா, பெத்த உடம்போட அவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க வேண்டியதுதான்.” பிறகு என் கையைப் பற்றி முன்மூடியின் பக்கம் இழுத்துக்கொண்டார். “நீ இங்க வந்து கிண்ணத்தைப் பாரு. போதும் நீ பேசுனது.”

எனக்குப் பெருத்த அவமானம். ஓராண்டுப் பணியிலிருந்து ஒரு நொடியில் நீக்கப்பட்டேன்.

முருங்கை மரத்திலிருந்து மழைநீர் காரின் கூரைமேல் சொட்டிற்று. பின்பு, அடியிலிருந்து தொண்டையைச் செருமும் ஓசை.

“டேய். அமுக்குடா.”

தந்தையாரின் கை ஸ்டீயரிங் வளையத்தை இறுகப் பற்றியது. “அமுக்கிட்டேன்.”

“தொறக்கப் போறேன். கீழ எறங்கும். பயந்துடாத, காலை எடுக்காத.”

“எடுக்கல.”

“வருது... நுரையா வருது... மூடிட்டேன். இப்ப உடு.”

“விட்டுட்டேண்ணா.”

அந்த ‘அண்ணா’ வாய்தவறி வந்தது. வந்ததை இருவரும் கேளாதவர்போல் இருந்துவிட்டனர். அடுத்தடுத்து, அமுக்கு, அமுக்கிட்டேன், உடு, விட்டுட்டேன் என்று சொற்கள் காரின் தளத்தைத் துளைத்து மேலும் கீழும் சென்றுவந்தன. தகரக்குப்பி காலியான வேளையில் அடியிலிருந்து குரல் எழுந்தது: “இன்னும் ஒரு தபா... ஆங்! வெறும் எண்ணெய்தான் வருது. குமிழே இல்ல. இப்ப மிதி, எப்படி கீது?”

“கல்லு மாதிரி இருக்குண்ணா!”

என் அருமையான மொழிபெயர்ப்பு ஒன்றுகூட இல்லாமல் இவ்வளவும் நடந்தேறியதில் எனக்கு வருத்தமே.

தந்தையார் காரைத் திருப்பி நிறுத்தியபோது, பெரியப்பா கைகளைச் சோப்பிட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வருகையில் சலவை வேட்டி கட்டியிருந்தார். எவரையும் பாராமல் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்து, “நடு ரோட்ல மறுபடி காத்து பூந்துகினா இவனுக்கு இன்னா தெரியும்?” என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். நான் பின்னே ஏறிக்கொண்டேன்.

மருத்துவமனை முகப்பில் துணிப்பையோடும் குழந்தையோடும் அத்தை நின்றிருந்தார். இளைய அண்ணனைக் கண்டு மலர்ந்த முகம், மறுபக்கக் கதவு திறந்து வேட்டி நுனி தெரிந்ததும் வெளிறிற்று. பெரியப்பா அவரைப் பார்க்கவில்லை, முன்சக்கரத்தைப் பார்த்தார்.

“கிளட்ச்ல காத்து கீதான்னு பாக்க வந்தேன்” என்றார் சக்கரத்திடம்.

“காத்தெல்லாம் போயிடுச்சே பெரியப்பா! நீங்கதானே குமிழே இல்லன்னு சொன்னீங்க!” என்றேன் நான். மெய்யை நிலைநாட்டும் ஆர்வம் எனக்கு அப்போதே மிகுதி.

“உன்னை யாரு கேட்டா?” என்று அதட்டியவர், இரு கைகளையும் நீட்டினார். “குடு இப்படி. மழை புடிக்கிறதுக்குள்ள வூட்டுக்குப் போவலாம்.”

அத்தை குழந்தையை விடவில்லை. “எந்த வூட்டுக்குண்ணா?”

“எத்தினி வூடு கீது உனக்கு?”

அத்தை குழந்தையை அந்தக் கைகளில் வைத்துவிட்டு, வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதார். தந்தையார் துணிப்பையைத் தூக்கியபடி வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கார் பழுது தீர்ந்துவிட்டது. மழை மறுபடி தொடங்கவில்லை. குழந்தையோ நிம்மதியாக உறங்குகிறது. ஒரு வினா, அதற்கு விடைகூடச் சொல்லாமல் இன்னொரு வினா. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? பெரியப்பா அத்தையைக் கடிந்துகொண்டார் என்றே முடிவு கட்டினேன். திரும்பும் வழியில் தாம்பரம் சானடோரியம் தாண்டும்போது, அத்தையின் காதருகே குனிந்து, பெரியப்பா கூறியதை வழக்கம்போல் இனிய சொற்களில் மாற்றிச் சொல்லி ஆறுதல் அளிக்க முயன்றேன். எவ்வளவு முயன்றும், அதைவிட இனிதாக அச்சொற்களை எனக்கு மாற்றத் தெரியவில்லை.