மே மாதத்திலும் மணி அடித்த பள்ளிக்கூடம்

மகளின் பள்ளியில் மே மாத விடுமுறையை எடுத்துவிட்டார்கள். வருடம் முழுக்க வகுப்பு. இடையிடையே பத்துப் பத்து நாளாக லீவு. மனைவி இதைப் போனில் சொன்னபோது, துபாயில் என் அறையில் இருந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன். ஒரு மாதம் சும்மா இருந்தால் பிள்ளைகள் கணக்கைப் பாதி மறந்துவிடும், இனி அந்தக் கவலை இல்லை என்றேன். பேசி முடித்த கையோடு, வழக்கம்போல மே மாதத்துக்கே லீவு எழுதிக் கொடுத்து டிக்கெட்டும் போட்டுவிட்டேன். எங்களைப் போன்றவர்களுக்குக் கை தானாகவே மே என்று எழுதிவிடும்.

இராஜாக்கமங்கலத்தில் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கும்போது மகள் சீருடையில் நின்றாள். எட்டாம் வகுப்பு. போனில் "ம்", "சாப்பிட்டேன்" என்பதைத் தவிர வேறு பேசாதவள். இந்த ஒரு மாதத்திலாவது என்னோடு ஒட்டிக்கொள்ள மாட்டாளா என்றுதான் வந்திருந்தேன்.

"அப்பா, வேன் வந்துட்டு" என்று ஓடிவிட்டாள்.

மனைவி சிரித்தாள். "பிள்ளையப் பாக்க வந்தியளா, எனக்குத் தேங்கா திருவ வந்தியளா?"

பக்கத்து வீட்டு அக்கா சந்தையில் மீன் விற்பவர். அவரிடம் புலம்பினேன்.

"நீ சும்மா இரு தம்பி. முன்ன மே மாசம் பொறந்தா, பிள்ளைய எங்க விட்டுட்டுச் சந்தைக்குப் போவேன்னு எனக்குச் சோறு எறங்காது. இப்பம் நிம்மதியா கூவி விக்கேன்."

அவர் சொன்னதும் சரிதான். மாலையில் மகள் வாடிய கீரைத்தண்டு மாதிரி வந்து விழுந்ததும் நிஜம்தான்.

மறுநாளே வேனை நிறுத்தச் சொல்லி, பைக்கில் நானே கொண்டுபோய் விட ஆரம்பித்தேன். முதலில் சில நாள் பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு ஒரு காலை, முகத்துக்கு நேராகப் பேசாத பிள்ளை, என் முதுகைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். தோழியோடு சண்டை, மின்விசிறி ஓடாத வகுப்பு, எல்லாம் வந்தது.

"கணக்கு மறக்காம இருக்கா மக்ளே?"

"மறக்கியதுக்கு, முதல்ல தெரிஞ்சிருக்கணும்லா அப்பா."

வண்டி ஆடும்படி சிரித்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள், பள்ளி வாசலில் இறங்கியவளிடம் கேட்டேன். "அடுத்த தடவ உனக்கு லீவு உள்ளப்பம் பாத்து வரட்டா?"

"வேண்டாம். லீவுன்னா நான் ஒம்பது மணி வர தூங்குவேன். பள்ளிக்கூடம் உள்ளப்பமே வாங்க."

கம்பெனியில் அப்படியே லீவு கேட்டிருக்கிறேன்.